யோனிப் பூஞ்சைத் தொற்று: வீட்டுப் பரிசோதனையும் பராமரிப்பும்

யோனிப் பூஞ்சைத் தொற்று என்பது கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெண்ணின் பிறப்புறுப்பில் அளவு மீறிப் பெருகுவதால் உண்டாகும் அழற்சி ஆகும். ஆங்கிலப் பேச்சு வழக்கில் இதனைத் திரஷ் என்பர். பெண்களில் சுமார் 75 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதற்கு ஆளாகின்றனர் என மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலும் எளிய மருந்தில் குணமாகிவிடும். ஆனால் அரிப்பும் வெள்ளைப்படுதலும் கண்டாலே இத்தொற்றுதான் என்று தாமே முடிவு செய்து மருந்திடும்போது, வேறு நோய்கள் கவனிக்கப்படாமல் போகின்றன.

காரணம்

பெரும்பாலான தொற்றுகளுக்குக் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற இனமே காரணம். நலமாக உள்ள பெண்களிலும் 10 முதல் 20 விழுக்காட்டினரின் யோனியில் கேண்டிடா எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. அங்குள்ள லாக்டோபேசில்லஸ் என்னும் நன்மை தரும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, பிற கிருமிகள் பெருகாமல் காக்கின்றன. இந்தச் சமநிலை குலையும்போது பூஞ்சை பெருகுகிறது. அதற்கு வழிவகுப்பவை:

- நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் (ஆன்டிபயாட்டிக்)
- கர்ப்பம்
- கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு
- ஸ்டீராய்டு மருந்துகள், நோயெதிர்ப்பாற்றல் குறைவு
- சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள்

இது பொதுவாகப் பால்வினை நோயாகக் கருதப்படுவதில்லை. பாலுறவே கொள்ளாத இளம்பெண்களுக்கும் வரும். ஆகவே இதை ஒழுக்கத்தோடு தொடர்புபடுத்துவதற்கோ, மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதற்கோ காரணமில்லை.

அறிகுறிகளும் குழப்பமும்

தமிழில் யோனியிலிருந்து வரும் எல்லாக் கசிவையும் 'வெள்ளைப்படுதல்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். 'உடல் சூடு' என்று காரணமும் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இச்சொல்லுக்குள் பல நிலைகள் அடங்கியுள்ளன.

- இயல்பான கசிவு: நிறமற்றோ வெண்மையாகவோ இருக்கும். அரிப்போ துர்நாற்றமோ இராது. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக இருக்கும். இதற்கு மருந்து தேவையில்லை.
- பூஞ்சைத் தொற்று: கடும் அரிப்பு, சிவப்பு, வீக்கம், சிறுநீர் படும்போது எரிச்சல், உடலுறவில் வலி ஆகியவை இருக்கும். கசிவு திரிந்த பால் போலத் திப்பி திப்பியாக இருக்கலாம். பெரிதாக நாற்றம் இராது.
- பாக்டீரியாச் சமநிலைக் குலைவு: சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் நீர்த்த கசிவும் மீன் நாற்றமும் காணப்படும்.
- டிரைகோமோனாஸ் தொற்று: மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரைத்த கசிவு வரலாம். இது பால்வினை நோய். துணைவருக்கும் சிகிச்சை வேண்டும்.

இவை நூலில் உள்ளபடியே எப்போதும் வருவதில்லை. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கடையில் பூஞ்சை மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது. ஏனையோருக்குப் பாக்டீரியாப் பாதிப்போ, கலப்புத் தொற்றோ இருந்தது. சிலருக்கு எந்தத் தொற்றுமே இல்லை. ஆய்வக வசதி இல்லாத இடங்களுக்கென இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்த முறையில், வெள்ளைப்படுதலுக்குத் தரப்படும் பச்சை நிற மருந்துப் பொதியில் செக்னிடசோலும் ஃபுளுகோனசோலும் சேர்ந்தே இருப்பது இதனால்தான். முன்னது பாக்டீரியாவுக்கும் டிரைகோமோனாசுக்கும், பின்னது பூஞ்சைக்கும் உரியது.

வீட்டுப் பரிசோதனைகள்

பி.எச். பரிசோதனை: கடைகளிலும் இணையத்திலும் கிடைப்பவற்றுள் பரவலானது இதுவே. பரிசோதனைத் தாளை யோனிச் சுவரில் சில நொடிகள் ஒற்றியெடுத்து, மாறிய நிறத்தை அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். இயல்பான பி.எச். மதிப்பு 3.8 முதல் 4.5 வரை. பூஞ்சைத் தொற்றில் இம்மதிப்பு பெரும்பாலும் மாறுவதில்லை; மற்ற இரு தொற்றுகளிலும் 4.5க்கு மேல் உயர்கிறது. ஆகவே உயர்ந்த மதிப்பு வந்தால் பூஞ்சை மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே சரி. இயல்பான மதிப்பு வந்தால் பூஞ்சைத் தொற்று இருக்கலாம் என்று மட்டுமே பொருள், உறுதி இல்லை. மாதவிடாய் இரத்தமும் விந்துவும் மதிப்பை உயர்த்திக் காட்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரி: பஞ்சுக்குச்சியால் தாமே மாதிரி எடுத்து அனுப்பும் முறையில் கிருமியின் இனத்தையும் அறியலாம். ஆனால் அறிகுறி இல்லாதவருக்குக் கேண்டிடா இருப்பதாக முடிவு வந்தால் அது நோயாகாது, சிகிச்சையும் வேண்டாம்.

எச்சில் பரிசோதனை: காலையில் ஒரு குவளை நீரில் உமிழ்ந்து, எச்சில் நூல் போல இறங்கினால் பூஞ்சை உள்ளது என்று இணையத்தில் பரவும் முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை.

சிகிச்சை

முன்பே மருத்துவரால் இத்தொற்று உறுதி செய்யப்பட்டு, அதே அறிகுறிகள் மீண்டும் வந்தவர்கள் மட்டுமே தாமே மருந்திடலாம். குளோட்ரிமசோல் 1 விழுக்காட்டுக் களிம்பு 7 முதல் 14 நாட்கள், அல்லது யோனிக்குள் வைக்கும் 500 மி.கி. மாத்திரை ஒரே முறை பயன்படும். ஃபுளுகோனசோல் 150 மி.கி. மாத்திரை ஒரு வேளை உட்கொள்வதும் வழக்கம். ஆனால் இது வார்ஃபரின் உள்ளிட்ட மருந்துகளோடு வினைபுரியும். கர்ப்பிணிகள் இதைத் தவிர்த்து, மருத்துவர் சொல்லும் களிம்பு அல்லது உள்வைப்பு மருந்தையே 7 நாட்கள் பயன்படுத்த வேண்டும். இவ்வகை மருந்தை முழுமையாகப் பயன்படுத்துவோரில் 80 முதல் 90 விழுக்காட்டினருக்குக் குணம் கிடைக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள களிம்புகள் ஆணுறையைப் பலவீனமாக்கும்.

ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்புகளை மருத்துவர் சொல்லாமல் பூசக் கூடாது. அரிப்பு அடங்கினாலும் தொற்று உள்ளே தொடரும். பூண்டு, வினிகர், தேயிலை மர எண்ணெய் ஆகியவற்றை யோனிக்குள் வைப்பது புண்ணை உண்டாக்கும்.

வெளிப்பகுதியை வெறும் நீரால் கழுவினால் போதும். யோனியின் உட்புறத்தைக் கழுவ வேண்டியதில்லை. வாசனைச் சோப்பைத் தவிர்த்து, பருத்தி உள்ளாடை அணிந்து, ஈர உடையை உடனே மாற்றுவது நல்லது.

மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

- முதல் முறை வரும் தொற்று
- கர்ப்ப காலம், நீரிழிவு
- காய்ச்சல், அடிவயிற்று வலி, புண் அல்லது கொப்புளம்
- துர்நாற்றக் கசிவு
- உடலுறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தக் கசிவு
- ஒரு வாரத்திலும் குறையாத அறிகுறிகள்

துர்நாற்றமும் இரத்தக் கசிவும் கருப்பைவாய்ப் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்றுக்கு அடுத்து அதிகம் காணப்படுவது இதுவே.

ஓராண்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை வந்தால் அது திரும்பத் திரும்ப வரும் தொற்று எனப்படும். அப்போது பூஞ்சையின் இனத்தை ஆய்வகத்தில் அறிந்து, இரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். சிலருக்கு நீரிழிவு இருப்பதே இந்த அரிப்பினால்தான் தெரிய வருகிறது. வாரம் ஒரு ஃபுளுகோனசோல் என ஆறு மாதம் வரை நீளும் சிகிச்சை இந்நிலைக்கு உண்டு. அதை மருத்துவர் கண்காணிப்பிலேயே மேற்கொள்ள வேண்டும்.