ரூ.2.26 கோடி வீரர் முதல் ஆட்டத்திலேயே காயம்... தமிழ் தலைவாஸ் அரையிறுதிக்குப் போனது எப்படி?

கபடி ஆட ஆள் சேர்ந்ததும் கச்சிராயபாளையம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் செய்வது உத்தி பிரிப்பதுதான். இரண்டு தலைவர்கள் நிற்பார்கள். மற்றவர்கள் சோடி சோடியாக ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். “மாங்கா வேணுமா, தேங்கா வேணுமா?” தலைவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ, அந்தப் பெயர்க்காரர் அவர் பக்கம். மிச்சம் இருப்பவர் எதிர்ப் பக்கம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சோடி சேரும்போதே ஏறக்குறைய சம பலம் உள்ளவர்கள்தான் சேர வேண்டும். அதனால் எந்தத் தலைவரும் நல்ல ஆட்களை மொத்தமாக அள்ளிவிட முடியாது.

புரோ கபடி லீக்கில் மாங்காயும் இல்லை, தேங்காயும் இல்லை. எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம், அதை வைத்து ஏலம். கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரித்துச் செலவழிப்பது என்பதுதான் அங்கே உத்தி. தமிழ் தலைவாஸ் ரசிகர்கள் வருடா வருடம் கொதிப்பதும் இந்த இடத்தில்தான்.

2022 ஆகஸ்டில் மும்பையில் நடந்த 9-வது சீசன் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அணிக்கும் ரூ.4.4 கோடி வரம்பு. அதில் ரூ.2.26 கோடியைக் கொடுத்து பவன் செராவத் என்ற ஒரே ரைடரை தலைவாஸ் வாங்கியது. பாதிக்கும் மேல். அன்றைக்கு லீக் வரலாற்றிலேயே அதிக விலை அதுதான். விலைக்கு ஏற்ற ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய மூன்று சீசன்களிலும் ரைடு புள்ளிகளில் அவர்தான் முதலிடம். 7-வது சீசனில் மட்டும் 346 புள்ளிகள்.

அக்டோபர் 8, பெங்களூரு. குஜராத்துக்கு எதிராக தலைவாஸின் முதல் ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே பவனின் முழங்கால் மடங்கியது. சீசன் முழுக்க அவர் திரும்பவே இல்லை. ‘போச்சுடா, இந்த வருஷமும் அவ்ளோதான்’ என்று டிவியை அணைத்தவர்கள் பல பேர்.

ஆனால், அந்த சீசனில்தான் தலைவாஸ் தன் வரலாற்றில் முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. தூக்கி நிறுத்தியவர் நரேந்தர் என்ற இளைஞர். லீக்கில் அதுதான் அவருக்கு முதல் சீசன். ‘புதிய இளம் வீரர்’ என்ற ஒதுக்கீட்டில், ஏலத்துக்கு வெளியே, குறைந்த சம்பளத்தில் அணிக்குள் வந்தவர். எடுத்தது 243 ரைடு புள்ளிகள். பின்னால் நின்று பிடித்தவர்கள் சாகர், சாஹில் குலியா என்ற கார்னர் வீரர்கள். அரையிறுதியில் புனேயிடம் தோற்றது 39-37 என்ற கணக்கில், வெறும் இரண்டு புள்ளிகளில்.

அமெரிக்காக்காரர்கள் போட்ட கணக்கு

இந்தக் குழப்பத்தை எழுபது, எண்பது வருடமாகப் பார்த்து வருபவர்கள் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள். நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அங்கே கல்லூரி வீரர்களை ஏலம் விடுவதில்லை. 1936 முதல் ‘டிராஃப்ட்’ முறை. போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் தேர்வு, சாம்பியனுக்குக் கடைசித் தேர்வு. முதன்முதலாகத் தேர்வு செய்யப்பட்ட ஜே பெர்வாங்கர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பது தனிக் கதை.

தேர்வு வரிசையை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். ‘என் முதல் இடத்தை எடுத்துக்கோ, உன்னோட மூணு இடத்தைக் கொடு’ என்று பேரம் நடக்கும். அதற்கு ஒரு விலைப்பட்டியல் வேண்டாமா? 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில், ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது ஒரு பட்டியல் தயாரானது. முதல் தேர்வுக்கு 3,000 புள்ளிகள், இரண்டாவதற்கு 2,600, பத்தாவதற்கு 1,300, 32-வதற்கு 590. மற்ற அணிகளும் இதையே பிடித்துக்கொண்டன.

பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும், கேட் மாஸே என்ற ஆய்வாளரும் இந்த விலைகளைச் சம்பளத்தோடும் ஆட்டத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதலில் எடுக்கப்பட்டவர் சராசரியாக நன்றாகத்தான் ஆடுகிறார். ஆனால், அவருக்குக் கொடுக்கும் விலை அதைவிட வேகமாக ஏறிவிடுகிறது. கொடுத்த காசுக்கு மிஞ்சிய லாபம் அதிகம் கிடைப்பது இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் வரும் வீரர்களிடம்தான் என்று அவர்கள் கண்டார்கள். ஏழு முறை சூப்பர் பவுல் வென்ற டாம் பிராடி, 2000-ல் 199-வது ஆளாகத்தான் தேர்வானார் என்பதையும் ரசிகர்கள் சேர்த்துச் சொல்வார்கள். அது விதிவிலக்கு, அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

ஏலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 1971-லேயே அமெரிக்க எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூன்று பேர் இதை எழுதிவிட்டார்கள். ஒரு பொருளின் உண்மை மதிப்பு யாருக்கும் சரியாகத் தெரியாதபோது, ஆளுக்கொரு மதிப்புப் போடுவார்கள். ஜெயிப்பவர் யார்? எல்லோரையும் விடக் கூடுதலாக மதிப்புப் போட்டவர். அதாவது, அதிகமாகத் தப்புக் கணக்குப் போட வாய்ப்புள்ளவர். (பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துத் திருவாணைநல்லூர் முருகன் கோயிலில் 2024-ல் 9 எலுமிச்சம்பழங்கள் ரூ.2.36 லட்சத்துக்கு ஏலம் போயின. அது வேண்டுதல், அந்தக் கணக்கே வேறு.)

பாடிப் போனவரை யார் மீட்பது?

கபடிக்கென்றே ஒரு விதி இருக்கிறது. அதை மறந்துவிட்டுத்தான் பலர் ரைடர் விலையைப் பேசுகிறார்கள். பாடிப் போனவர் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். சக வீரர்கள் எதிரணியில் ஒருவரை அவுட்டாக்கினால்தான் திரும்ப உள்ளே வர முடியும். போனஸ் புள்ளி எடுத்தால் ஆள் திரும்ப வராது. ஆக, ரூ.2 கோடி ரைடர் களத்தில் எத்தனை நிமிடம் இருப்பார் என்பதைத் தீர்மானிப்பது, அணியில் சில லட்சத்துக்கு வாங்கிய கார்னரும் கவரும்தான். பாதிப் பணத்தை ரைடருக்குக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் தடுப்பாட்டக்காரர்களைத் தேடினால், கோடி ரூபாய் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

10-வது சீசனில் தெலுங்கு டைட்டன்ஸ் இதைச் செய்தது. ரூ.5 கோடியில் ரூ.2.605 கோடியை அதே பவனுக்குக் கொடுத்தது. 22 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, கடைசி இடம். பவன் புள்ளிகள் எடுக்காமல் இல்லை. அவரைச் சுற்றி அணிதான் இல்லை.

‘அப்போ பெரிய ஆளையே வாங்கக் கூடாதா?’ என்று கேட்டால், அதுவும் சரியில்லை. அதே 10-வது சீசனில் புனேரி பால்டன் ஈரானைச் சேர்ந்த ஆல்ரவுண்டர் ஷாட்லூவை ரூ.2.35 கோடிக்கு எடுத்துக் கோப்பையையும் வென்றது. அடுத்த சீசனில் அவரை ரூ.2.07 கோடிக்கு ஹரியாணா ஸ்டீலர்ஸ் வாங்கியது; அதுவும் சாம்பியன். ஆனால், புனே அவரை வாங்கும்போதே அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் போன்று இளம் வயதில் எடுத்து வளர்த்த ஆட்கள் அணியில் தயாராக இருந்தார்கள். கட்டிய வீட்டுக்குத்தான் அவர்கள் தேக்குக் கதவு வாங்கினார்கள். இன்னொன்று, ஷாட்லூ பிடிக்கவும் செய்வார், பாடவும் செய்வார்.

தலைவாஸ் 2024-ல் சச்சின் தன்வாருக்கு ரூ.2.15 கோடி கொடுத்தது. அந்த முறையும் பிளே-ஆஃப் எட்டவில்லை. 2025-ல் அர்ஜுன் தேஷ்வால் ரூ.1.405 கோடிக்கு வந்தார்.

கோமுகி அணைப் பக்கத்து ஊர்களின் விழாக் கமிட்டிகளிலும் இதே வாக்குவாதம்தான். வசூலான பணத்தில் வெளியூரிலிருந்து பேர் பெற்ற ரைடர் ஒருவரை இறக்குவதா, ஊர்ப் பசங்க ஏழு பேருக்கும் ஷூவும் முழங்கால் பட்டையும் வாங்கித் தருவதா? “ஆளு வந்தாத்தான்ணே கூட்டம் வரும்” என்பது ஒரு கட்சி. “அவன் அவுட் ஆயிட்டா நம்ம பசங்கதானப்பா காப்பாத்தணும்” என்பது இன்னொரு கட்சி.

பவன்? 2025 ஏலத்தில் அதே தலைவாஸ் அவரைத் திரும்ப வாங்கியது. இந்த முறை விலை ரூ.59.50 லட்சம், மூன்று வருடத்துக்கு முன் கொடுத்ததில் கால்வாசிக்குச் சற்று அதிகம். சீசன் முடிவதற்குள்ளேயே அணியும் அவரும் பிரிந்துவிட்டார்கள்.