பொறியின் மூச்சை அளக்கும் மென்படலம்

ஒரு கிராம் டீசல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிராம் காற்று வேண்டும். எடையால் நோக்கின், டீசல் பொறியின் பேருணவு காற்றே. அவ்வுணவை நொடிதோறும் நிறுத்துச் சொல்லும் சிறு கருவியே காற்றுப் பொருண்மை உணரி. அது பிழைபடச் சொல்லின், நல்ல பொறியும் நோயுற்றது போல் நடக்கும்.

பெட்ரோல் பொறியில் முடுக்கியை மிதித்தால் காற்றின் வழி திறக்கும். டீசல் பொறியோ காற்றைப் பெரும்பாலும் தடையின்றி இழுத்துக்கொள்ளும். கூடுவதும் குறைவதும் எரிபொருளின் அளவே. ஆயினும், வந்த காற்றுக்கு மிஞ்சி எரிபொருள் செல்லின் கரும்புகை எழும். ஆதலால் மின்னணுக் கட்டுப்பாட்டகம் உணரியின் சொல்லைக் கேட்டே எரிபொருளுக்கு மேல்வரம்பு கட்டுகிறது. எரிந்த புகையில் எத்துணைப் பங்கை மீண்டும் பொறிக்குள் செலுத்துவது என்பதையும் அச்சொல்லைக் கொண்டே ஒழுங்கு செய்கிறது.

உணரியின் உள்ளம் ஒரு மெல்லிய படலம். அதன் நடுவே நுண்ணிய வெப்பமூட்டி. இருமருங்கிலும் வெப்பநிலையை அறியும் தடைகள். பாயும் காற்று முன்பக்கத்தைக் குளிர்வித்துப் பின்பக்கத்திற்கு வெப்பத்தை ஏந்திச் செல்லும். அவ்விரு வெப்பநிலைகளின் வேறுபாடே காற்றின் பொருண்மையையும் திசையையும் உணர்த்துகிறது. இம்முறைக்கு அடிப்படையாக, காற்றோட்டம் சூடான கம்பியிலிருந்து எவ்வளவு வெப்பத்தைக் கவர்கிறது என்பதற்கு 1914-ஆம் ஆண்டில் விதி வகுத்தவர், கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தின் இயற்பியலார் லூயி வெசோ கிங்.

இத்தகைய படலத்தின்மேல் தூசும் எண்ணெய் ஆவியும் படிந்தால் என்னாகும்? போர்வை போர்த்தியவன் உடலில் குளிர்காற்று உறைக்காதது போல், அழுக்கேறிய படலத்தில் காற்றின் பாய்ச்சல் முழுதும் உறைப்பதில்லை. வேகமாகப் பாயும் காற்றையும் உணரி குறைத்துச் சொல்லும். கட்டுப்பாட்டகம் எரிபொருளைச் சுருக்கும். வண்டி மேட்டில் ஏறத் திணறும். பிழைகாண் கருவியை இணைத்தால் பி0101 என்னும் குறி தோன்றக்கூடும். அக்குறி, உணரி கெட்டது என்னும் தீர்ப்பன்று. அளவு பொருந்தவில்லை என்னும் முறையீடே.

தீர்ப்புக்கு எளிய கணக்கொன்று உண்டு. நால்வீச்சுப் பொறி ஒரு சுழற்சிக்குத் தன் கொள்ளளவில் பாதியளவு காற்றை இழுக்கும். 1.5 லிட்டர் பொறி நிமிடத்திற்கு 800 முறை சுழன்றால் 600 லிட்டர். ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம், ஆக நிமிடத்திற்கு 720 கிராம், நொடிக்கு 12 கிராம். புகை மீள்சுழற்சி அடைப்பான் மூடியிருக்கையில் பிழைகாண் கருவியின் திரையில் இதற்குச் சற்றுக் குறைந்த எண் தோன்ற வேண்டும். அடைப்பான் திறந்திருந்தால், காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளுமாதலால் எண் மிகத் தாழும், அது பிழையன்று.

அடைப்பான் மூடியும் எண் 7 அல்லது 8 எனக் காட்டினால், முதற்கண் ஐயுற வேண்டியது உணரியை அன்று. காற்று வடிகட்டி அடைத்துள்ளதா, உணரிக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாய் விரிசல் கண்டு அளக்கப்படாத காற்று நுழைகிறதா, மீள்சுழற்சி அடைப்பான் கரியால் மூடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை நலமாயின் உணரியை நோக்கலாம்.

பொறியை நிறுத்தி ஆறவிட்டு, சாவியை எடுத்தபின் மின்னிணைப்பைக் கழற்றி, திருகுகளை நீக்கி உணரியை மெல்ல வெளியே எடுக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால், குறுகிய காற்றுவாயின் விளிம்பில் பழுப்பு நிறப் பிசுக்கும் அதில் ஒட்டிய துகள்களும் தெரியும். துணியோ தூரிகையோ விரல்நகமோ படலத்தைத் தீண்டலாகாது. அழுத்தக் காற்றும் ஆகாது. சில நுண்மீட்டர் தடிப்பே உடைய படலம் கிழிந்துவிடும். இவ்வுணரிக்கென்றே விற்கப்படும், எச்சம் விடாது ஆவியாகும் தெளிப்பானை எட்ட நின்று பலமுறை பீய்ச்சுவதே முறை. வழியும் துளிகள் முதலில் கலங்கி, பின் தெளிந்து விழும். தெளிப்பு நீர்மம் தீப்பற்றுவது. ஆதலால் அரைமணி நேரமேனும் நன்கு உலரவிட்டுப் பொருத்துக. உணரியின்மேல் குறிக்கப்பட்ட அம்பு, காற்று செல்லும் திசையையே காட்ட வேண்டும். கசிவைத் தடுக்கும் வளையம் விரிசல் கண்டிருந்தால் மாற்றுக. வடிகட்டியையும் அதன் பெட்டியையும் தூய்மை செய்யாவிடின் அழுக்கு மீண்டும் அங்கேயே வந்து சேரும்.

பின்னர் பிழைக்குறியை அழித்து, வண்டியை ஓட்டி, அதே நிலையில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். எண் மீண்டால் குற்றம் அழுக்கினதே. மீளாவிடின் படலமே பழுதுற்றது. அதனைத் தூய்மை காப்பாற்றாது, புதியது பொருத்துவதே தகும்.

வண்டி நலமாய் ஓடும் இன்றே, பொறி சூடேறிய நிலையில் காற்றின் அளவை ஒரு தாளில் எழுதி ஆவணப் பையில் வைத்திடுக. நோயுற்ற நாளில் ஒப்புநோக்க அந்த ஓர் எண் போதும்.