தேன் விற்பனையும் கடைக்காரரின் பொறுப்பும்

மளிகைக் கடையில் தேன் சில்லறைச் சரக்குதான். ஆனால் அதில் வரக்கூடிய பொறுப்பு சில்லறையல்ல என்பதை வணிகப் பெருமக்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

தேனீ வளர்ப்பவர் தம் பெட்டிகளுக்குச் செய்யும் இன்ஷூரன்ஸ் அவருடைய முதலைத்தான் காக்கும். அவர் தந்த தேனால் வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தால் அது உதவாது. அதற்கு உரியது 'பிராடக்ட் லயபிலிட்டி' பாலிசி. கடைக்கு எடுத்துள்ள தீ விபத்து பாலிசியும் இதற்குப் பயன்படாது.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 27-வது பிரிவின்படி, காலாவதியான சரக்கை விற்றாலும், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலும் விற்றவரே பொறுப்பு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும், தயாரிப்பாளர் யார் என்று தெரியாவிட்டால் விற்றவர்மீது நஷ்டஈடு கோரலாம். தேனில் நீர்ச்சத்து 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தரம் குறைந்த உணவுப் பொருளுக்கு அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை போகும். உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் நஷ்டஈடு 5 லட்சத்துக்குக் குறையாது.

எனவே டின்னில் வந்த தேனைப் பெயரில்லாத பாட்டிலில் ஊற்றி விற்பது ஆபத்து. அப்போது பேக் செய்தவரும் நாமே, விற்றவரும் நாமே. லேபிள் ஒட்டிய பாட்டிலை முறையான பில்லுடன் வாங்குங்கள். 26-வது பிரிவின்படி அந்தப் பில்லே விற்றவர் தந்த உத்தரவாதமாகும். அதைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

பாலிசி எடுக்குமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு முழுதுக்கும் எவ்வளவு என்ற வரம்பு என்ன? நம் கையிலிருந்து போக வேண்டிய தொகை எவ்வளவு? புகார் வந்தால் எத்தனை நாளில் தெரிவிக்க வேண்டும்? அரசு விதிக்கும் அபராதத்தையும், திரும்பப் பெற்ற சரக்கின் விலையையும் இந்த பாலிசி பொதுவாகத் தராது. தெரிந்தே சட்டத்தை மீறியவருக்கும் பணம் கிடைக்காது.

பிரிட்டனில் தேனீ வளர்ப்போர் சங்க உறுப்பினர் கட்டணத்திலேயே இத்தகைய பாதுகாப்பு அடங்கியுள்ளது. தனி ஒரு கடைக்குப் பிரீமியம் சுமையாகத் தோன்றலாம். நம் சங்கமும் உறுப்பினர்களுக்காகக் கூட்டாக ஒரு பாலிசி பேசிப் பார்க்கலாம். ஒரு வழக்கு வந்தால் ஒரு கடையே மூடிப்போகும். அதற்கு முன்பே யோசிப்பது நல்லது.