பிறந்த குழவியின் இதயமும் பிராணவாயுக் குறைவும்

கொல்கத்தாவில் காளிகாட் கோயிலுக்கு வடக்கே, ஹாஜ்ரா நாற்சந்தியை அடுத்துச் சித்தரஞ்சன் சேவா சதனம் என்னும் மருத்துவமனை அமைந்துள்ளது. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பொதுமக்களுக்கென விட்டுச் சென்ற இல்லத்தில், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1926-இல், தாய்மார்களுக்காக இது தொடங்கப்பெற்றது. இத்தகைய பிரசவ மனை எதுவாயினும், அங்கு நாள்தோறும் ஒரு கடும் சோதனை நிகழ்கின்றது. தொப்பூழ்க் கொடி துண்டிக்கப்பட்டதும் தாயிடமிருந்து வந்த பிராணவாயு நின்றுவிடுகிறது. நுரையீரல் விரிந்து காற்றை ஏற்கும் வரையில் குழவியின் இதயம் தன் கையிருப்பைக் கொண்டே துடித்தாக வேண்டும். பெரும்பாலான குழவிகளுக்கு இவ்விடைவேளை சில விநாடிகளே. சிலவற்றிற்கோ நிமிடக் கணக்கில் நீள்கிறது. அவ்வளவு நேரம் அச்சிறு இதயம் தாங்குவது எங்ஙனம்?

கருவிலுள்ள சிசு பிராணவாயு மலிந்த சூழலில் வளர்வதன்று. வளர்ந்தவர்களின் தமனி இரத்தத்தில் இவ்வாயுவின் அழுத்தம், பாதரச அளவில், ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் ஆகும். நச்சுக்கொடியிலிருந்து சிசுவை அடையும் இரத்தத்திலோ அது சுமார் 30 மில்லிமீட்டரே. கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் ஜோசப் பார்கிராப்ட் இந்நிலையை எவரெஸ்ட் சிகரத்தில் இருப்பதற்கு ஒப்பிட்டார். இவ்வறுமைக்கேற்பச் சிசுவின் இதயம் தன் வாழ்க்கையை அமைத்துக் கொண்டுள்ளது. வளர்ந்த இதயம் பெரும்பாலும் கொழுப்பமிலங்களை எரித்து இயங்குவது. அதற்குப் பிராணவாயு மிகுதியாக வேண்டும். சிசுவின் இதயமோ சர்க்கரைப் பொருளையே நம்பியிருப்பது. அதனைப் பிராணவாயு இன்றியும் ஓரளவு சிதைத்து ஆற்றல் பெறலாம்.

ஆக்ஸ்போர்டில் டாவ்ஸ், மாட், ஷெல்லி ஆகிய மூவர் 1959-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. பிராணவாயு அறவே அற்ற நிலையில் பிறந்த குட்டிகள் எவ்வளவு நேரம் உயிர் தரிக்கும் என்பது, அவற்றின் இதயத்தசையில் சேமிக்கப்பட்ட கிளைக்கோஜனின் அளவைப் பொறுத்திருந்தது. கண் திறவாமற் பிறக்கும் எலிக்குஞ்சு நெடுநேரம் தாங்கியது. முதிர்ந்த நிலையிற் பிறக்கும் கினிப்பன்றிக் குட்டி அவ்வளவு தாங்கவில்லை.

ஆயினும் கையிருப்பு கையிருப்பே. அது கரையக் கரைய இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகுகிறது, தசை தளர்கிறது, நிமிடத்திற்கு 120 முதல் 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு 100-க்குக் கீழும், பின்னர் 60-க்குக் கீழும் இறங்குகிறது. நம் நாட்டிற்கு இதில் தனிக் கவலை உண்டு. கருப்பையிலேயே ஊட்டங்குன்றி எடை குறைந்து பிறக்கும் குழவிக்கு இச்சேமிப்பே சொற்பம். அத்தகைய குழவிகள் நம்மிடையே ஏராளம்.

துடிப்புக் குறைந்த குழவிக்குத் தூய பிராணவாயுவையே அளிக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக நிலவிய வழக்கு. இதனை ஐயுற்றுச் சோதித்தவர்களுள் டில்லியைச் சேர்ந்த சித்தார்த் ராம்ஜி குறிப்பிடத்தக்கவர். நார்வே நாட்டு சாக்ஸ்டாட் முதலியோருடன் அவர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் 84 குழவிகள் இடம்பெற்றன. பாதிக்குச் சாதாரணக் காற்றும் பாதிக்குத் தூய பிராணவாயுவும் தரப்பட்டன. இரு சாராரிடத்தும் இதயத்துடிப்பு ஒத்தே மீண்டது. பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்து நோக்கியபோது, காற்றுப் பெற்ற குழவிகளிடையே இறப்புக் குறைவு என்றே தெரிந்தது. நிறைமாதக் குழவிக்குக் காற்றிலேயே தொடங்குக என்பது 2010 முதல் உலக மருத்துவர்களின் விதி. சிலிண்டர் இல்லாத கிராமச் சுகாதார நிலையத்திற்கு இதனினும் நற்செய்தி வேறில்லை. அங்கு வேண்டுவது ஒரு பையும் முகமூடியும், முதல் நிமிடத்திற்குள் அவற்றைக் கையாளப் பழகிய செவிலியுமே. நவஜாத சிசு சுரக்ஷா காரியக்ரமம் என்னும் மத்திய அரசின் பயிற்சித் திட்டம் 2009-இல் இதற்கென்றே தொடங்கப்பெற்றது.

மீண்ட இதயம் பழைய இதயந்தானா? மூச்சுத் திணறிய சில குழவிகளிடம், வால்வுகளைத் தாங்கும் சிறு தசைகள் நைந்து, வலப்பக்க வால்வு சிறிது காலம் கசிவதுண்டு. பெரும்பாலும் அது தானே சீராகிவிடும். நெடுங்கால விளைவு நுட்பமானது. கருவுற்ற எலிகளைப் பிராணவாயு குறைந்த காற்றில் வைத்தபோது, அவற்றின் குட்டிகள் வளர்ந்த பின்னர், இரத்தத் தடையால் அவற்றின் இதயம் எய்தும் சேதம் மிகுந்திருந்தது. இதற்கு மாறாக, பிறந்தது முதல் அத்தகைய காற்றிலேயே வளர்ந்த முயற்குட்டிகளின் இதயம் அத்தடையை நன்கு தாங்கிற்று. இவை முரண் போலத் தோன்றினும், குறைவு நேரும் பருவமும் அது நீடிக்கும் கால அளவும் வேறாதலின் விளைவும் வேறாகின்றது. பிராணிகளிற் கண்டதை அப்படியே மனிதக் குழவிக்கு ஏற்றிச் சொல்லலும் ஆகாது. எனினும், பிறக்கையில் மூச்சுத் திணறிய குழந்தை வளர்ந்து பெரியவராகி இதயநோய் மருத்துவரிடம் செல்லுங்கால், அப்பிறப்பு வரலாற்றையும் அவரிடம் கூறுதல் நலம். பிரசவ மனை தரும் குறிப்புச் சீட்டைப் பெற்றோர் எறிந்துவிடாது பேணிவைத்தால் அது இயலும்.