மேடையில் விற்கப்படும் வாக்குறுதி

சரக்கை விற்பவனுக்குச் சந்தை வேண்டும். அச்சந்தையில் தன் குரல் மற்றவன் குரலுக்கு மேலாகக் கேட்கவும் வேண்டும். கடைத்தெருவுக்குரிய இவ்விதி, கோடிக்கணக்கான டாலர் புரளும் வீடியோ விளையாட்டுத் தொழிலுக்கும் உரியதே. அத்தொழிலின் பெருஞ்சந்தையாக நெடுங்காலம் விளங்கியது 'ஈ-3' பொருட்காட்சி. 1995 மே மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அது முதன்முதலாகக் கூடிற்று. எதை வாங்கி விற்பது என்று கடைக்காரர்களும், எதைப் பற்றி எழுதுவது என்று பத்திரிகையாளர்களும் அங்கேதான் முடிவு செய்தனர்.

மேடை அறிவிப்புக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. விளக்குகள் அணையும், பெருந்திரையில் ஒரு குறும்படம் ஓடும், கம்பெனித் தலைவர் தோன்றிப் பேசுவார், ஒருவர் விளையாடிக் காட்டுவார். வெளியாகும் நாளும் விலையும் பின்னால் வரும். மிகப் பெரிய வியப்பைக் கடைசிவரை ஒளித்து வைப்பார்கள்.

விலையே சில வேளை வெடிகுண்டாகிவிடும். செப்டம்பரில் வருவதாக இருந்த 'சாட்டர்ன்' கருவி இன்றே சில கடைகளில் 399 டாலருக்குக் கிடைக்கும் என்று, அந்த முதற் பொருட்காட்சியில் சேகா கம்பெனியின் டாம் கலின்ஸ்கி அறிவித்தார். சற்று நேரத்தில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, '299' என்று மட்டும் சொல்லி இறங்கினார். கரவொலி எழுந்தது. சரக்குக் கிடைக்காத கடைக்காரர்களோ சேகாவின் மேல் சினங்கொண்டனர். செப்டம்பரை நம்பியிருந்த விளையாட்டுகளும் அப்போது ஆயத்தமாகவில்லை. வியப்பூட்ட எண்ணிய அறிவிப்பு, அறிவித்தவருக்கே வினையாயிற்று.

மேடை ஏமாற்றவும் கூடும். 2005ஆம் ஆண்டு சோனி காட்டிய 'கில்ஸோன்' படத்தைக் கண்டவர்கள், புதிய கருவியில் விளையாட்டு அப்படியே ஓடும் என்று நம்பினர். அது முன்கூட்டியே தீட்டிச் சேர்த்த படம் என்பது பின்னரே தெளிவாயிற்று; விளையாட்டு வெளிவந்ததோ 2009இல். 2012இல் யுபிசாஃப்ட் காட்டிய 'வாட்ச் டாக்ஸ்' 2014இல் கைக்கு வந்தபோது, மேடையில் கண்ட பொலிவு குறைந்திருப்பதாகப் பலர் குறைப்பட்டனர்.

ஆனால் மக்கள் வாய்திறந்தால் கம்பெனியும் பணியும். 2013இல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய கருவிக்கு 499 டாலர் விலை கூறியது. நாளுக்கு ஒருமுறை இணையத்தோடு இணைய வேண்டும் என்றும், பழைய விளையாட்டுகளைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்றும் விதித்திருந்தது. அத்தகைய தடைகள் தன் கருவிக்கு இல்லையென்று சோனி 399 டாலர் விலையோடு அறிவித்தபோது அரங்கம் அதிர்ந்தது. பத்து நாட்களுக்குள் மைக்ரோசாஃப்ட் அவ்விதிகளைக் கைவிட்டது.

நின்டெண்டோ 2011 முதலே தன் செய்திகளை இணைய ஒளிபரப்பாக மக்களுக்கு நேரே சொல்லத் தொடங்கியது. மற்றவர்களும் அவ்வழி சென்றனர். 'ஈ-3' இனி நடைபெறாது என்று 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. இதில் இலாபமும் உண்டு, இழப்பும் உண்டு. செய்தி நமக்கு உடனே கிடைக்கிறது. ஆனால் பொருட்காட்சியில் பத்திரிகையாளர் கருவியைக் கையிலெடுத்துச் சோதிப்பர். எதிர்க்கடைக்காரன் விலையைக் குறைத்துக் கூவுவான். கம்பெனியே தயாரிக்கும் ஒளிபரப்பில் அவ்விருவருக்கும் இடமில்லை. எனவே சோதிக்கும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மாணவ நண்பர்களே, விடுதிச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தை முன்பணமாகக் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: காட்டியது படமா, விளையாட்டா? நாள் குறிக்கப்பட்டதா? விலையும் விதிகளும் சொல்லப்பட்டனவா? மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை கைதட்டுங்கள், அதில் நட்டமில்லை. பணப்பையை மட்டும் திறக்க வேண்டாம்.