இருதயச் சுவரில் துவாரம்

உயிரோடு பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 8 அல்லது 9 குழந்தைகள் இருதயத்தில் ஏதேனும் ஒரு குறையோடு பிறக்கின்றன. இவற்றுள் அடிக்கடி காணப்படுவது, இரு கீழறைகளையும் பிரிக்கும் சுவரில் துவாரம் இருத்தலாகும். பம்பாயில் வாழ்ந்த நடிகை மதுபாலாவுக்கு இருந்த குறை இதுவே.

உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்தும் இடது கீழறையில் அழுத்தம் மிகுதி. ஆகவே, இரத்தத்தில் ஒரு பகுதி துவாரத்தின் வழியே வலது கீழறைக்குப் பாய்ந்து, மீண்டும் நுரையீரலுக்கே செல்கிறது. துவாரம் பெரிதாயின் குழந்தைக்குப் பால் குடிப்பதே பெரும் உழைப்பாகிவிடும். மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், பாதியில் நிறுத்திவிட்டுச் சற்று நேரத்தில் மீண்டும் பசித்து அழும். எடை ஏறாது. மார்புச்சளி அடிக்கடி வரும். சிறு துவாரங்கள் பல தாமே மூடிக்கொள்கின்றன. மருத்துவர் காதில் அவை உரக்க ஒலிப்பதும் உண்டு. ஓசையின் அளவைக் கொண்டு அபாயத்தை அளத்தல் ஆகாது.

பெருந்துவாரத்தில் ஒரு வஞ்சகம் உள்ளது. மிகுந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி நுரையீரலின் இரத்தக்குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. அதனால் கசிவு குறைந்து, குழந்தை தேறிவிட்டதுபோல் தோன்றும். பெற்றோர் மகிழ்வர். உண்மையில் நோய் முற்றிக்கொண்டிருக்கிறது. ஆண்டுகள் சென்றபின் ஓட்டம் திசைமாறி, கெட்ட இரத்தம் உடலில் கலக்கும். உதடும் நகமும் நீலம் பாய்ந்து, இருமலில் இரத்தமும் வரலாம். அந்நிலையில் துவாரத்தை மூடினால் வலது கீழறைக்குப் போக்கிடமின்றி உயிருக்கே ஆபத்தாகும்.

1933இல் பிறந்த மதுபாலா, 1942இல் சிறுமியாகவே திரையில் தோன்றி, குடும்பத்தைத் தாங்கினார். 1954இல் சென்னையில் ஜெமினியாரின் படப்பிடிப்பின்போது இரத்தம் கக்கினார். அதே ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை, தந்தையின் இரத்த ஓட்டத்தையே துணையாகக் கொண்டு, ஒரு குழந்தையின் துவாரத்தை மூடினார். அக்குழந்தை சில நாட்களில் இறந்தது. பின்வந்தோரில் பலர் பிழைத்தனர். மதுபாலாவுக்கு அவ்வழி திறக்கவில்லை. 1960இல் இலண்டன் மருத்துவர்கள் இரண சிகிச்சை செய்ய மறுத்தனர். 1969 பிப்ரவரி 23 அன்று தமது 36ஆம் வயதில் பம்பாயில் காலமானார்.

இன்று பெருந்துவாரங்களைப் பெரும்பாலும் முதலாண்டிலேயே மூடுகின்றனர். உரிய காலத்தில் மூடப்பெற்றோரில் மிகப் பலர் பள்ளி சென்று, தொழில் செய்து, இல்லறம் நடத்துகின்றனர். எனினும் மருத்துவரை விட்டுவிடலாகாது. பல்லையும் ஈறையும் தூய்மையாக வைத்தல் வேண்டும். பெண்கள் கருவுறுமுன் ஆலோசனை பெறவேண்டும். நுரையீரல் குழாய்கள் கெட்டுவிட்டவர்களுக்கோ பிரசவம் உயிராபத்து.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வரவேண்டும். ஆயினும் முதல் ஆண்டைக் கண்காணிப்பவர் அங்கன்வாடி ஊழியரே. தாராவியின் ஒரு சந்தில் எடை அட்டையில் கோடு ஏறாது நிற்கும் குழந்தையைக் கண்டால், சத்துமாவு கொடுத்து அனுப்புவதோடு நில்லாமல், அது பால் குடிக்கும் விதத்தைத் தாயிடம் கேட்டல் வேண்டும். சயானில் உள்ள நகராட்சி மருத்துவமனை அங்கிருந்து நடக்கும் தொலைவுதான்.