பூத்தையல் இயந்திரம்: புதிதாகப் பழகுவோருக்குச் சில குறிப்புகள்

ஒட்டன்சத்திரம் என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவ்வூர்க் காய்கறிச் சந்தையே ஆகும். சுற்றுக் கிராமங்களில் விளையும் முருங்கையும் தக்காளியும் கத்தரியும் அங்கே வந்து குவிகின்றன. நம் மாநிலத்துப் பல ஊர்களுக்கும் கேரளத்திற்கும் லாரி ஏறிச் செல்கின்றன. ஆயினும் காட்டு வேலை ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. மழை பொய்த்தால் வேலை குறையும். விலை வீழ்ந்தால் கையில் காசு நிற்காது. ஆகவே, வீட்டில் இருந்தபடியே செய்யத்தக்க உபதொழில் ஒன்றைப் பெண்கள் நாடுவது இயல்பே. அத்தகைய தொழில்களுள் தையல் முதன்மையானது. தையல் அறிந்த பெண்ணின் அடுத்த விருப்பம் பெரும்பாலும் பூத்தையலாகவே இருக்கும்.

கல்யாண ரவிக்கையின் கைப்பட்டை, குழந்தையின் கவுன், தலையணை உறை, பள்ளிச் சீருடையில் வைக்கும் முத்திரை ஆகிய யாவற்றையும் தைத்துத் தரும் கணிப்பொறிப் பூத்தையல் இயந்திரங்கள் இன்று வீட்டு உபயோகத்திற்கே கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் விலை சிறிதன்று. கடன் பெற்றோ, நகையை அடகு வைத்தோ வாங்க வேண்டிய நிலை பலருக்கு உண்டு. அவ்வாறு வாங்கிய இயந்திரம் முதல் வாரத்திலேயே நூலை அறுத்துத் துணியைச் சுருக்கிவிட்டால், மனம் தளர்ந்து அதற்கு உறை போட்டு மூலையில் வைத்துவிடுகிறோம். இயந்திரம் ஓய்வெடுக்கலாம்; கடனுக்குரிய தவணை ஓய்வெடுப்பதில்லை. ஆதலால், பழுதைக் காட்டிலும் பயமே இத்தொழிலுக்குப் பெரிய எதிரி என்று சொல்ல வேண்டும். அப்பயத்தைப் போக்கும் வழி யாது என்பதைக் காண்போம்.

கை செய்த வேலையும் இயந்திரம் செய்யும் வேலையும்

நீலகிரியில் வாழும் தோடர் இனப் பெண்கள், வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே கறுப்பு, சிவப்பு நூல்களால் பூவேலை செய்கிறார்கள். துணியின்மேல் கோலம் வரைந்துகொள்வதில்லை. 2013ஆம் ஆண்டில் அவ்வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கண்ணும் கையும் எல்லாவற்றையும் செய்கின்றன.

மிதி இயந்திரத்தில் பூத்தையல் போடுவோரின் முறை வேறு. துணியைக் கீழிருந்து நகர்த்தும் பற்களைத் தாழ்த்தி, அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தில் பிடித்த துணியை இரு கைகளாலும் அசைப்பார்கள். ஊசி இயந்திரத்தின் வசம். கோலம் கையின் வசம். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ் அரசு வழங்கும் இலவசத் தையல் இயந்திரத்தைப் பெற்ற பெண்களுள், அவ்வியந்திரத்திலேயே இவ்வகைப் பூவேலையைக் கற்றுக்கொண்டோரும் உண்டு.

1990ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான ஜனோமே, வீட்டிலேயே பூவேலை செய்யத்தக்க கணிப்பொறி இயந்திரத்தை வெளியிட்டது. இவ்வகை இயந்திரத்தில் வளையத்தை ஒரு கரம் தானே முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்துகிறது. எந்தப் புள்ளியில் ஊசி இறங்க வேண்டும் என்பது கோலத்தின் கோப்பிலேயே பதிந்திருக்கிறது. அவ்வாறாயின், பெண்ணின் கைக்கு வேலை இல்லையா? உண்டு. தைக்கும்போது இருந்த வேலை, தைப்பதற்கு முன்னே வந்து நிற்கிறது. துணியைத் தேர்தல், அதற்குத் தாங்கல் வைத்தல், வளையத்தில் பிடித்தல், ஊசியையும் நூலையும் பொருத்துதல் ஆகிய இவையே இப்போது கைத்திறன் ஆகும். புதிதாகப் பழகுவோருக்கு நேரும் இடையூறுகளுள் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. இயந்திரத்தின் உள்ளே அல்ல. இந்த ஓர் உண்மையை உணர்ந்துவிட்டால் பாதிப் பயம் நீங்கிவிடும்.

துணியும் வளையமும்

ஒரு பூவுக்கு ஆயிரக்கணக்கான தையல்கள் விழுகின்றன. ஒவ்வொரு தையலும் துணியைச் சிறிது இழுக்கிறது. அவ்விழுப்பைத் துணி மட்டும் தாங்காது. ஆகையால் துணிக்கு அடியில் தாள் போன்ற நெய்யாத துணி ஒன்றை வைக்க வேண்டும். அதனை இங்கே அடித்தாள் என்று குறிப்போம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணிக்குப் பெரும்பாலும் கிழித்தெடுக்கும் வகை போதுமானது. பனியன் துணி போல நீளும் தன்மை உடையவற்றுக்கு, ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு உள்ளே நிலைக்கவிடும் வகையே தக்கது. வலைத் துணிக்கு நீரில் கரையும் வகையும் கிடைக்கிறது. அடித்தாளின் செலவை மிச்சம் பிடிக்க நினைத்துச் செய்தித்தாளை வைப்போர் உண்டு. அது இழுப்பைத் தாங்காமல் தைக்கும்போதே கிழிந்துபோவதால் துணி சுருங்குகிறது. இது சிக்கனம் ஆகாது, நஷ்டமே ஆகும்.

அடித்தாளையும் துணியையும் ஒன்றாகச் சேர்த்தே வளையத்தில் பிடிக்க வேண்டும். துணி, விரலால் தட்டினால் மத்தளத் தோல் போல் விறைப்பாக இருத்தல் நலம். ஆனால் திருகை முடுக்கிய பின்பு துணியின் ஓரங்களைப் பிடித்து இழுத்தல் கூடாது. அவ்வாறு இழுத்து நீட்டிய துணி, வளையத்தை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். அதன்மேல் விழுந்த தையல் திரும்பாது. பூவைச் சுற்றிலும் சுருக்கம் விழுவதற்கு இதுவே முக்கிய காரணங்களுள் ஒன்று.

ஊசியும் நூலும்

சாதாரணப் பருத்தித் துணிக்கு 75/11 என்று குறித்த பூத்தையல் ஊசி பொருந்தும். வீட்டு இயந்திரத்திற்குரிய ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அத்தட்டைப் பக்கம் கையேட்டில் காட்டியபடி நிற்க வேண்டும். ஊசியைத் தண்டு முட்டும் வரை மேலே ஏற்றிய பின்னரே திருகை முடுக்க வேண்டும். ஏறத்தாழ எட்டு மணி நேரம் தைத்தபின் ஊசியை மாற்றிவிடுதல் நல்ல வழக்கம். முனை மழுங்கிய ஊசி நூலை அறுக்கும். துணியின் இழையையும் இழுத்துவிடும்.

மேல் நூலாக ரேயான் அல்லது பாலியெஸ்டரில் 40ஆம் எண் நூலையும், பாபினில் அதனினும் மெல்லிய நூலையும் உபயோகிப்பது வழக்கம். நூல் கோக்கும்போது ஒரு விதியை மறக்கலாகாது: பாதம் மேலே தூக்கி இருக்க வேண்டும். பாதம் மேலே இருக்கும்போதுதான் நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் திறந்திருக்கும். நூல் அவற்றின் இடையே சென்று அமரும். பாதத்தைத் தாழ்த்திவிட்டு நூல் கோத்தால், நூல் பிடிமானம் இன்றி ஓடி, துணிக்கு அடியில் குருவிக்கூடு போல் சிக்கிக்கொள்ளும். அடியில் சிக்கு விழுந்ததும் பாபினைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். பிழை பெரும்பாலும் மேல் நூலிலேயே இருக்கிறது. அச்சமயம் இயந்திரத்தை நிறுத்தி, சிக்கை இழுக்காமல் கத்தரியால் நறுக்கி எடுத்து, மேல் நூலைத் தொடக்கத்திலிருந்து மறுபடியும் கோக்க வேண்டும்.

சரிகை நூல் போன்ற உலோக இழை நூல்களுக்குக் கண் பெரிதாக உள்ள ஊசி வேண்டும். வேகத்தைக் குறைத்து, நூல் இறுக்கத்தையும் சற்றுத் தளர்த்த வேண்டும். பழகத் தொடங்கும் மாதத்தில் இந்நூலைத் தொடாதிருப்பதே உத்தமம்.

பின்புறத்தைப் படித்தல்

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் அநுபவசாலி, காயின் பளபளப்பை மட்டும் பார்ப்பதில்லை. காம்பைத் திருப்பிப் பார்ப்பாள். பூத்தையலுக்கும் காம்பு உண்டு. அது துணியின் பின்புறம். முன்புறம் அழகைக் காட்டும். பின்புறமே உண்மையைச் சொல்லும்.

பட்டையான தையலின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவே மூன்றில் ஒரு பங்கு அளவு பாபின் நூலும், அதன் இரு மருங்கிலும் மேல் நூலின் நிறமும் தெரிந்தால் இறுக்கம் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். பின்புறம் முழுவதும் மேல் நூலே தெரிந்தால், மேல் நூல் தளர்ந்திருக்கிறது. பாபின் நூல் முன்புறம் எட்டிப் பார்த்தால், மேல் நூல் மிகுதியாக இறுகியிருக்கிறது. அல்லது பாபின் நூல் தன் இடத்தில் சரியாக அமரவில்லை. நூலை மறுபடி கோத்துப் பார்த்த பின்னரே இறுக்கத்தின் எண்ணை மாற்ற வேண்டும். அதையும் ஒரு தடவைக்கு ஓர் அளவே மாற்ற வேண்டும். ஊசி, நூல், இறுக்கம், அடித்தாள் ஆகிய நான்கையும் ஒரே சமயத்தில் மாற்றுவோர், வேலை சரியானாலும் எதனால் சரியாயிற்று என்பதை அறியமாட்டார்கள்.

முதல் பத்து நாட்கள்

புதிய இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கோலங்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் தைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு பூ ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். சாயம் போகாத சாதாரணப் பருத்தித் துணியை வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, பத்துத் துண்டுகளாக வெட்டுங்கள். நாளுக்கு ஒரு துண்டு வீதம் அதே பூவைத் தையுங்கள். தைத்த ஒவ்வொரு துண்டிலும் ஊசி எண், நூல், அடித்தாளின் வகை, வேகம், இறுக்கம் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள். பத்தாம் நாள் முதல் துண்டையும் பத்தாவது துண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கற்றது எவ்வளவு என்பது தானே விளங்கும். இந்த நோட்டே பின்னாளில் உங்களுக்கு ஆசிரியராக இருக்கும்.

வேகத்திலும் நிதானம் வேண்டும். கோலத்தில் 8,000 தையல்கள் இருந்து, இயந்திரம் நிமிஷத்திற்கு 400 தையல் போடுமானால், தைப்பதற்கு மட்டும் 20 நிமிஷம் ஆகும். நிறம் மாற்றும் நேரமும் வளையம் மாட்டும் நேரமும் வேறு. இக்கணக்கை அறிந்தவர்களே நியாயமான கூலியைச் சொல்ல இயலும். அறியாதவர்கள் அண்டை வீட்டார் கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டு, இரவெல்லாம் கண் விழித்து, நூல் விலையையும் மின்கட்டணத்தையும் கையிலிருந்து கொடுப்பார்கள்.

கோலத்தை இயந்திரத்தில் பெரிதாக்குவதிலும் சிறிதாக்குவதிலும் எச்சரிக்கை தேவை. தையல்களின் எண்ணிக்கை மாறாமல் அளவு மட்டும் மாறினால், பெரிதாக்கிய பூவில் துணி இடைவெளியாகத் தெரியும். சிறிதாக்கிய பூ கட்டை போல் விறைத்து ஊசியை ஒடிக்கும். பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மாற்றத்தைத் தொடக்க நாட்களில் தவிர்ப்பது நன்று.

பிறர் துணி

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் துணி கெட்டால் நஷ்டம் நம்மோடு நிற்கும். பிறர் தந்த முகூர்த்த ரவிக்கைத் துணி கெட்டால், பணத்தோடு நற்பெயரும் போகும். பட்டில் ஊசி இறங்கிய துளை எளிதில் மறையாது. தையலைப் பிரித்தாலும் தடம் நிற்கும். வளையத்தின் அழுத்தமும் பட்டின்மேல் பதிந்துவிடக்கூடும். ஆகவே பருத்தியில் கை நிலைபெறும் வரை பட்டுத் துணியை ஏற்றுக்கொள்ள வேண்டா. ஏற்கும் நாள் வந்தபோதும், அதே வகைத் துண்டுத் துணியில் அதே கோலத்தை ஒருமுறை தைத்து, துணிக்கு உரியவருக்குக் காட்டி, அவர் சம்மதம் பெற்ற பின்னரே முதல் துணியைத் தொட வேண்டும். “இன்னும் ஒரு மாதம் பழகிவிட்டு வாங்கிக்கொள்கிறேன், அக்கா” என்று சொல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. அவ்வாறு சொன்ன பெண்ணிடமே அந்த அக்கா மறு மாதம் நம்பிக்கையோடு வருவார். பதறாத காரியம் சிதறாது என்று பெரியோர் சொல்லியது இத்தொழிலுக்கென்றே சொல்லியது போல் இருக்கிறது.

பேணும் முறை

ஆனி, ஆடி மாதங்களில் நம் பகுதியில் வீசும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். ஆகவே ஜன்னலுக்கு நேரே இயந்திரத்தை வைக்கலாகாது. வேலை முடிந்ததும் உறையிட்டு மூட வேண்டும். பாபின் இருக்கும் இடத்தில் சேரும் நூல் தும்பைச் சிறு தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரமும் தும்பும் உள்ளே செல்லும். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஒருகாலும் விடக்கூடாது. அவை நாளடைவில் பிசினாகி இயக்கத்தைத் தடுக்கும். சில கணிப்பொறி இயந்திரங்களுக்கு நாமே எண்ணெய் விட வேண்டிய அவசியம் இல்லை. கையேடு சொல்கிறபடி செய்வதே முறை.

மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களில் மின் அழுத்தச் சீராக்கி ஒன்றை இணைத்துக்கொள்வது இயந்திரத்தின் ஆயுளைக் காக்கும். மின்சாரம் இடையில் நின்றால் வளையத்திலிருந்து துணியைக் கழற்றிவிட வேண்டா. துணி இடம் மாறாதிருந்தால், விட்ட தையலுக்குத் திரும்பிச் சென்று தொடரும் வசதி இயந்திரத்திலேயே உண்டு.

முடிவாக

இயந்திரத்தை வாங்கு முன்னர், அதனை உபயோகிப்பவர் ஒருவரிடம் சென்று ஒரு நாள் அருகிருந்து பார்ப்பது நல்லது. மாவட்டந்தோறும் வங்கிகளின் பொறுப்பில் நடைபெறும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தையல் முதலிய தொழில்களுக்கு இலவசப் பயிற்சி அளிக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுவினர் நால்வர் ஐவர் சேர்ந்து ஓர் இயந்திரத்தை வாங்கி முறை வைத்துப் பழகினால், கடனும் பகிர்ந்துகொள்ளப்படும். ஒருவர் கண்ட பிழை மற்றவருக்குப் பாடமாகும்.

சகோதரிகளே, இயந்திரம் விரைவாகத் தைக்கும். ஆனால் துணி தகுதியானதா, நூல் சரியாக அமர்ந்ததா, இது நம் துணியா பிறர் துணியா என்று அது கேட்காது. அவற்றைக் கேட்க வேண்டியவர் நீங்கள். உறை போட்டு மூலையில் வைத்த இயந்திரம் உங்கள் வீட்டில் இருக்குமானால், இன்றே அதனை வெளியே எடுங்கள். பாதத்தைத் தூக்கி, நூலை மறுபடி கோத்து, சிறு துண்டுத் துணியில் ஒரு சிறு பூவைத் தையுங்கள். பிறகு அத்துணியைத் திருப்பிப் பாருங்கள். அடுத்துச் செய்ய வேண்டியதை அதுவே சொல்லும்.